மாதுங்கா வீட்டுப் பரணில் இருப்பவை: எதை வைப்பது, எதை விடுவது

கேள்வியின் சுருக்கம் இது. மும்பை மாதுங்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த பகடி வீடு, அதாவது முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகைக்கு நெடுங்காலம் குடியிருக்கும் வீடு. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதால் மழைக்காலத்துக்கு முன் காலி செய்து, செம்பூரில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா காலமாகி ஓராண்டு ஆகிறது. அப்பாவுக்கு வயது 83. கனடாவில் இருக்கும் அண்ணன் எல்லாவற்றையும் போட்டுவிடச் சொல்கிறார். அப்பா எதுவுமே சொல்வதில்லை. கேள்வி கேட்டவர் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அரை மணி நேரத்தில் அழுகையும் அசதியுமாக எழுந்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது, எதை வைத்துக்கொள்வது, பழைய கடிதங்களைப் படிக்கலாமா, அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய தாள்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்களின் வீடுகளில் இந்த வேலைக்குத் துணை நின்றவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதை வைப்பது என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இந்தப் பொருள்களைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதே முதலில் வர வேண்டியது. பரணில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றின் வரலாறு இன்று உங்கள் அப்பா ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. பித்தளைக் குடம் யாருடைய சீராக வந்தது, திருமணப் படத்தில் மூன்றாவதாக நிற்கும் பெண்மணி யார், அந்தச் சிறிய வெள்ளிக் காப்பு எந்தக் குழந்தைக்கு வாங்கியது என்பவற்றை அவர் சொல்லாமல் விட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தாலும் உங்கள் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்வது அடையாளம் தெரியாத பொருள்களின் குவியலாகத்தான் இருக்கும். அந்த விவரங்கள் பதிவாகிவிட்டால் பொருள்களில் பெரும்பகுதியை அதிக வருத்தமில்லாமல் விட்டுவிட முடியும். ஆகவே கட்டடக்காரர் கொடுத்திருக்கும் கெடுவைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது.

காப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒரு பெட்டி வந்தால், எதையும் எடுப்பதற்கு முன் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்வோம். எது எதோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதே ஒரு செய்தி என்பதால் அப்படிச் செய்கிறோம். உங்கள் அம்மா கட்டி வைத்த டிரங்குப் பெட்டிக்கும் இது பொருந்தும். மூடியைத் திறந்தவுடன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். மேலடுக்கை எடுத்த பின் இன்னொரு படம். அதற்கடுத்த அடுக்குக்கு இன்னொன்று. ஒரு கடிதக் கட்டுக்குள் பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால், அந்தக் கடிதங்கள் எந்த மாதங்களைச் சேர்ந்தவை என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும். வகை பிரிக்கும் உற்சாகத்தில் சீட்டை மருத்துவத் தாள்களோடும் கடிதங்களைக் கடிதங்களோடும் சேர்த்துவிட்டால், அந்தத் தொடர்பு பிறகு யாருக்கும் கிடைக்காது. பெட்டி ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும் வேலை இது. தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது அப்பாவோடு உட்காருவது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகான நேரம் பெரும்பாலான முதியவர்களுக்கு ஏற்றது. மாலையில் களைப்பும் சோர்வும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவரைப் பெட்டி இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லாமல், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கே பத்துப் பன்னிரண்டு பொருள்களைக் கொண்டு வாருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தேதியையும் பொருளின் பெயரையும் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். "இதை வைக்கலாமா, போட்டுவிடலாமா, அப்பா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவர் காதில் வேறுவிதமாக விழுகிறது. மனைவியின் பொருள்களுக்கு அவரே தீர்ப்பெழுத வேண்டும் என்றாகிறது. அதற்கு மௌனம்தான் பதிலாக வரும். "இது யார் கொடுத்தது?", "இது வந்தபோது நாம் எந்த வீட்டில் இருந்தோம்?", "இதை அம்மா எதற்கு வைத்துக்கொண்டிருந்தாள்?" என்று கேளுங்கள். நான் துணை நின்ற வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது, பொருளின் கதையை முழுவதுமாகச் சொல்லி முடித்த பெரியவர்கள் பலர் தாமாகவே "இதை யாருக்காவது கொடுத்துவிடு" என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதே. எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் வற்புறுத்தவும் கூடாது.

உங்களுடைய அசதிக்கு வருகிறேன். நினைவுகூர்வதும் தரம் பிரிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே அமர்வில் செய்ய முயல்வதால்தான் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறீர்கள். உடல் சார்ந்த காரணமும் உண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற பகுதியின் வழியாகச் செல்ல, வாசனை மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராக எட்டுகிறது. வசம்பும் பழைய பட்டும் கலந்த மணம் மூடியைத் திறந்த கணத்திலேயே உங்களை நிலைகுலைய வைப்பதில் வியப்பில்லை. பெட்டியை முதல் நாள் திறந்து, காற்றாட விட்டு, அந்த நாளை நினைவுக்கே கொடுத்துவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும். பிரிக்கும் வேலையை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் பேச்சை அவருடைய கல்நெஞ்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் காப்பிக் கோப்பை கொடுத்து, அதை மற்றவர்களுக்கு விற்கச் சொன்னார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வேண்டியவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சற்று முன் கைக்கு வந்த, எந்த நினைவும் ஒட்டாத கோப்பைக்கே இந்த நிலை. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை நாள்தோறும் தொட்டுக்கொண்டிருக்கும் நீங்களும், அதைப் பல ஆண்டுகளாகத் தொடாத அண்ணனும் ஒரே மதிப்பைச் சொல்ல முடியாது. அவர் ஊருக்கு வந்து அதைக் கையில் எடுத்தால் அவர் பேச்சு மாறக்கூடும். ஆகவே அவர் தொலைபேசியில் சொல்வதை இறுதி முடிவாகக் கொள்ளாதீர்கள். அதே சமயம் அவரைக் கேட்காமல் முடிக்கவும் செய்யாதீர்கள்.

தரம் பிரிப்பதைத் தொடங்க வேண்டிய இடம் அம்மாவின் கடைசி ஓராண்டு மருத்துவத் தாள்கள். இவை வீட்டில் இருப்பவற்றிலேயே மனத்துக்கு மிகக் கனமானவை. ஆனால் இவற்றை வைத்துக்கொள்ளக் காரணம் மிகக் குறைவு. டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், நோயின் பெயரை உறுதி செய்யும் அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவரிடம் சொல்ல அவை தேவைப்படலாம். காப்பீட்டுக் கோரிக்கை ஏதும் நிலுவையில் இல்லையென்றால் பில்களும், மாத்திரை எழுதிய சீட்டுகளும், தினசரிக் குறிப்புகளும் போகலாம். அவற்றைப் பழைய தாள் வாங்கும் ரத்திக்காரரிடம் அப்படியே கொடுக்காமல் கிழித்துக் கொடுங்கள். பல குடும்பங்களில் அம்மாவைப் பற்றிய பிற நினைவுகளையெல்லாம் இந்தக் கோப்பு ஒன்றே மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் தொடர்பான தாள்களில் நினைவு குறைவு என்று அவசரப்பட வேண்டாம். பம்பாயில் வேலை பார்த்த அந்தத் தலைமுறையினர் பலர், கம்பெனிப் பங்குகளைக் காகிதச் சான்றிதழாகவே வாங்கிப் பெட்டிக்கடியில் வைத்தவர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்குகளை விற்று மற்றொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆனால் உரியவர் இறந்து வாரிசுகளுக்கு மாற்றுவது தடுக்கப்படவில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் விண்ணப்பித்து மீட்கலாம். பத்தாண்டு இயங்காத வங்கிக் கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறுகிறது; அவற்றைத் தேடுவதற்கு உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கியது. எனவே பழைய பாஸ்புக், வைப்பு ரசீது, எல்ஐசி பத்திரம் எதுவானாலும் எண்ணைக் குறித்துக்கொண்டு சரிபார்க்கும் வரை ஒரே உறையில் இருக்கட்டும். பகடி ரசீதுகளையும் பழைய ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதுகளையும் புது வீட்டின் சாவி கையில் வரும் வரை அசைக்க வேண்டாம்; குடியிருப்பு உரிமைக்கு அவைதாம் சான்று. இந்த ஊரில் மூன்று ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன கட்டடங்களில் எத்தனை மூன்று ஆண்டில் முடிந்தன என்பதை உங்கள் தெருவிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

புகைப்படங்களில் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அவை வெள்ளித் துகளால் ஆனவை, ஈரம் படாவிட்டால் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். 1970களிலும் 80களிலும் எடுத்த வண்ணப் படங்கள்தாம் ஆபத்தில் உள்ளன. அவற்றின் நீலச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்குகிறது. அதனால்தான் அந்தக் காலக் கல்யாணப் படங்கள் எல்லாம் செம்மை படர்ந்து தெரிகின்றன. முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அவையே. ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் படத்தை மெல்ல அரித்துவிடும்; படத்துக்கு அடியில் மெல்லிய நூலைக் கொடுத்து இருபுறமும் பிடித்து மெதுவாக இழுத்தால் பல படங்கள் கழன்று வரும். வராதவற்றைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு படமெடுப்பதே பாதுகாப்பு. சிறிய படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவு வேண்டும். பின்பக்கத்தில் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் ஏற்றது. பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும். எல்லாப் படங்களையும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஒரே மலையை ஒன்பது கோணத்தில் எடுத்த ஊட்டிப் பயணத்தில் இரண்டு போதும், அவற்றில் மனிதர்கள் இருக்கட்டும்.

தேதியில்லாத கடிதங்களையும் உறைகளையும் வரிசைப்படுத்தச் சில குறிகள் உதவும். முத்திரை தெளிவாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் தபால்தலையைப் பாருங்கள்: அணாக் கணக்கில் இருந்தால் 1957க்கு முற்பட்டது, நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1960களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. முகவரியில் பம்பாய்-19 என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972க்கு முன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்து மாதுங்கா 400019 ஆனது. பழைய பழக்கத்தை விடாதவர்கள் பிறகும் 19 என்றே எழுதினார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தந்திகள் இருந்தால் ஒன்றிரண்டையாவது வைத்துக்கொள்ளுங்கள்; அந்தச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

கடிதங்களைப் பொறுத்தவரை மும்பைத் தமிழர் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கக் கற்றவர்களும், 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்களில் கூட்டெழுத்தாக எழுதிய தாத்தாவின் இன்லண்டு கடிதத்தைக் கண்டால் திணறுகிறார்கள். தாளைப் பாதுகாத்தால் போதாது. அப்பா அவற்றில் சிலவற்றைத் தம் குரலில் வாசித்துப் பதிவு செய்தால், பேரப்பிள்ளைகளுக்கு அதுவே கடிதமாக இருக்கும்.

படிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையிலான கடிதங்கள் இன்னும் அப்பாவுடைய சொத்து. அவரிடம் கட்டாகக் கொடுத்துவிடுங்கள். அவர் படித்துக் காட்டினால் கேளுங்கள், கிழித்தால் தடுக்காதீர்கள். உறவினர்கள் அம்மாவுக்கு எழுதியவற்றில் இன்று உயிரோடு இருப்பவர்களின் கடன், மணமுறிவு, நோய் பற்றிய செய்திகள் இருக்கலாம்; அவற்றைப் படிப்பதும் குடும்பக் குழுவில் படமெடுத்துப் போடுவதும் ஒன்றல்ல. அம்மாவின் நாட்குறிப்பு கடினமானது. எரித்துவிடச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். எதுவும் சொல்லாமல் போயிருந்தால், துக்கம் ஆறாத இந்த நேரத்தில் படிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். காகித உறையில் இட்டு, மேலே தேதி எழுதி, சில ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். தாயின் எழுத்தில் தன்னைப் பற்றிய ஒரு சலிப்பு வரியைப் படித்துவிட்டுப் பல காலம் உறக்கம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் எரிச்சலில் எழுதப்பட்ட வரி அது என்பதை எடுத்துச் சொல்ல எழுதியவர் இல்லை.

இனி, பெரும்பாலோர் முதலில் தூக்கிப் போட்டுவிடும், நான் முதலில் எடுத்து வைக்கச் சொல்லும் பொருள்: நோட்டுப் புத்தகங்கள். வரவு செலவு நோட்டு, மொய் நோட்டு, பாட்டு எழுதிய நோட்டு, சமையல் குறிப்பு, திவசத் திதிகள் எழுதிய பழைய டைரி. ஆல்பத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வரவு செலவு நோட்டில்தான் வீடு நடந்த விதம் தெரியும். பள்ளிக் கட்டணம் கட்டிய மாதத்தில் காய்கறிச் செலவு குறைந்திருப்பது, ஊருக்கு மணியார்டர் போன தேதிகள், ஒரு மாதம் திடீரென்று டாக்சிக் கட்டணம் பலமுறை வருவது ஆகியவற்றை வரிசையாகப் படித்தால், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரலாறு கிடைக்கும். மொய் நோட்டு உறவின் வரைபடம்: யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் எவ்வளவு செய்தார்கள், நாம் திருப்பிச் செய்தது எது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவை இடத்தையும் அடைப்பதில்லை. ஐம்பது ஆண்டு நோட்டுகள் ஒரு சிறிய அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். சமையல் குறிப்புகளை மட்டும் தட்டச்சு செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். "தேவையான அளவு உப்பு" என்று அம்மா எழுதியிருக்கும் இடங்களில், அளவு தெரிந்த அத்தையோ சித்தியோ இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாத்திரங்களுக்கு இடம் அதிகம் வேண்டும்; அவற்றில் கண்டிப்பாக இருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் ஒவ்வொன்றின் எழுத்தையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை வரிசையாக வைத்தாலே உங்கள் பெற்றோரின் திருமணம், உங்கள் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் வந்தவர்களின் பட்டியல் கிடைத்துவிடும். அதன் பிறகு நாள்தோறும் புழங்கக்கூடிய நான்கைந்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். ஈயச் சொம்பை எடுத்து வைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் உள்ளே ரசமோ நீரோ இல்லாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். அது வெள்ளீயம்; 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வெண்கல உருளியை உறவில் பெரிய வீடு உள்ளவருக்குக் கொடுங்கள். எடைக்குப் போடுவது கடைசி வழி.

புடவைகளில் பட்டும் நூலும் தனித்தனி வழி. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் இட்டது. பழைய பட்டு வாங்குபவர்கள் புடவையை எரித்து அந்த வெள்ளியை எடுப்பதற்காகவே வாங்குகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு கொடுக்கிறீர்களா என்பது உங்கள் விருப்பம். மடிப்பிலேயே நைந்து கிழிந்த புடவைக்கு அது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். உடுத்தக்கூடியவற்றை உடுத்துங்கள். முகூர்த்தப் புடவையை வெளுத்த மல்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில்லாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. அம்மாவின் மணம் நீங்கிவிடுமே என்று காற்றாட விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. எவ்வளவு காத்தாலும் அந்த மணம் போகத்தான் போகிறது. பூட்டி வைத்தால் மும்பை ஈரத்தில் பூஞ்சை மணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நூல் புடவைகளுக்கு இந்த ஊரே ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய புடவைகளை அடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போடும் கோதடி மராத்திய வீடுகளில் பழகியது. தைத்துக் கொடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அம்மா வீட்டில் உடுத்திய சுங்குடிகளில் ஐந்தாறு போனால் அப்பாவுக்கு ஒரு போர்வை ஆகும். மற்றவற்றைப் பாத்திரத்துக்குத் துணி வாங்கும் போஹாரிணியிடம் கொடுப்பதானால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வேறொருவர் பேரம் பேசட்டும். அம்மாவின் புடவைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி என்று காதால் கேட்க வேண்டாம்.

வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைகள் உங்கள் பரணிலும் இருக்கக்கூடும். கதை நூலாக எங்கும் கிடைக்கும். ஓவியங்களும் ஓரத்து விளம்பரங்களும்தான் அரியவை. தாள் நொறுங்காமல் இருந்தால், ரத்திக்காரரை அழைக்கும் முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற இடங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதை மறுப்பார்கள், அதில் மனம் வருந்த ஒன்றுமில்லை. ஒலிநாடாக்களில் கடையில் வாங்கியவை போகட்டும், வீட்டில் பதிந்தவற்றைத் தேடுங்கள்; மழலையும் பாட்டியின் அதட்டலும் அவற்றில்தான் இருக்கும். வீடியோ நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், அது இயந்திரத்துக்கும் மற்ற நாடாக்களுக்கும் பரவும்; சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் நேரே கொடுங்கள். சாமி படங்களில் சட்டம், கண்ணாடி, தாள் மூன்றையும் பிரித்து அதனதன் வழியில் அனுப்பலாம். அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவது வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதாகும்.

படமெடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடும் வழி எல்லாவற்றுக்கும் பயன்படுமா என்றால், ஓரளவுக்குத்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவுப் பொருள்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தானம் செய்யும்படி தூண்டப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கோப்பை, கேடயம், வாழ்த்து அட்டை போன்ற, பார்வையிலேயே நினைவு நிற்கும் பொருள்களுக்கு இது போதும். கை பழகிய பொருள்களுக்குப் போதாது. அரிவாள்மணையின் பிடியையோ அஞ்சறைப் பெட்டியின் மூடி ஓசையையோ படம் தராது. அப்படிப்பட்டவற்றில் மூன்று நான்கைச் சமையலறையிலேயே புழக்கத்தில் வையுங்கள். ஆயிரக்கணக்கில் படமெடுத்துக் குவிப்பதும் கணினிக்குள் இன்னொரு பரண் கட்டுவதுதான். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் ஆண்டும் ஆளும் இருக்கட்டும், பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், அவற்றில் ஒன்று அண்ணனிடம் இருக்கட்டும்.

கட்டும் வேலையை மே மாத இறுதிக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பின் கட்டிய அட்டைப்பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தே போகும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மும்பையில் நான்கு மாதம் அந்நிலைதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது, சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தரைத்தள வீடுகளில் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள்தாம் முதலில் மூழ்கின. பேனா மையில் எழுதிய தாளும் படமும் அதில் தப்பவில்லை. செம்பூர் வீடு எந்தத் தளத்தில் இருந்தாலும் தாள்கள் உள்ள பெட்டியைத் தரையில் வைக்காமல் அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்ட வேண்டாம். மாதவாடகைக்குக் கிடங்கில் இடம் பிடித்துப் பூட்டி வைக்கும் யோசனை யாராவது சொன்னால், அங்கே மழைக்காலத்தில் பெட்டியை யார் திறந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

அண்ணனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் உட்காருங்கள். அதற்கு முன் பொருள்களின் பட்டியலை, அப்பா சொன்ன இரண்டு வரிக் கதையோடு அனுப்பிவிடுங்கள். கதை இல்லாத பட்டியலைப் பார்த்தால் அவர் மறுபடியும் எல்லாவற்றையும் போடச் சொல்வார். முதலில் அப்பா தமக்கு வேண்டியதைச் சொல்லட்டும், அவருக்கு உச்சவரம்பு வைக்க வேண்டாம். பிறகு நீங்களும் அண்ணனும் மாறி மாறி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். அண்ணன் தேர்ந்தெடுத்ததை அவர் ஊருக்கு எடுத்துச் செல்லும் வரை வைத்திருக்க ஒரு கெடு சொல்லுங்கள். அதை எழுத்தில் வைத்துக்கொள்வதில் சங்கடம் எதுவும் இல்லை. முடிவு எட்டாதவை எப்படியும் இருக்கும். அவற்றுக்கு ஒரே ஒரு டிரங்குப் பெட்டியை ஒதுக்கி, பட்டியலின் ஒரு பிரதியை மூடியின் உட்புறம் ஒட்டி, செம்பூருக்கு எடுத்துப் போங்கள். நவராத்திரிக்குக் கொலுப் பெட்டி எப்படியும் இறங்கும்; மழை ஓயத் தொடங்கும் அந்தக் காலத்தில், வறண்ட நாளாகப் பார்த்து இதையும் இறக்கிப் பட்டியலோடு சரிபாருங்கள்.